கடைவீதித் துப்புரவுக்கும் ஒரு மகமை வேண்டும்



நம் சங்க இதழில் சரக்கு நிலவரம், வரிச் செய்தி, லாரி வாடகை என்று பலவற்றைப் படித்து வருகிறோம். இந்த முறை குப்பையைப் பற்றி எழுத முற்பட்டிருக்கிறேன். முகம் சுளிக்க வேண்டாம். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பருப்பு, தானிய மொத்த வியாபாரத்தில் இருப்பவன் என்ற முறையில் சொல்கிறேன். கடைவீதி சுத்தமாக இருப்பதும் இல்லாததும் நம்முடைய வரவு செலவில் சேர்ந்த விஷயமே தவிர, நகராட்சிக்காரர்களுக்கு மட்டும் உரிய விஷயமன்று.

வாடிக்கையாளர் ஒருவர் மளிகைச் சாமான் வாங்க வருகிறார். வீதி முனையிலேயே சாக்கடைத் தண்ணீர் தேங்கிக் கிடக்கிறது. சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு, அழுகிய காய்கறிக் குவியலைச் சுற்றிக்கொண்டு வரவேண்டியிருக்கிறது. இரண்டு முறை வருவார். மூன்றாம் முறை, ஊருக்கு வெளியே வண்டி நிறுத்த இடமும் வழவழப்பான தரையும் உள்ள குளிரூட்டிய கடைக்குப் போய்விடுவார். அங்கே விலை கூடுதல் என்பது அவருக்கும் தெரியும். ஆனாலும் போகிறார். இன்று கைப்பேசியில் சொன்னால் சரக்கு வீட்டுக்கே வந்துவிடுகிறது. விலையில் நாம் அவர்களோடு போட்டி போடலாம். தரத்திலும் போடலாம். நடந்து வருகிற வழி நாறினால் எந்தப் போட்டியும் போட முடியாது.

இது தெரியாமல் நாம் சும்மா இருந்துவிடவில்லை. 2014-ஆம் ஆண்டு அக்டோபர் 2-ஆம் நாள் தூய்மை இந்தியா இயக்கம் தொடங்கியபோது ஊர் ஊராக வணிகர் சங்கங்கள் துடைப்பத்தோடு வீதியில் இறங்கின. அதற்கு முன்பும் பின்பும் எத்தனையோ பேரணிகள், உறுதிமொழிகள், தட்டிகள், துண்டுப் பிரசுரங்கள். ஒவ்வொன்றும் நல்ல எண்ணத்தோடு செய்தவைதான். ஆனால் பேரணி முடிந்த பத்தாம் நாள் அதே மூலையில் அதே குவியல் இருக்கும். இதற்குக் காரணம் என்ன? மக்களுக்குப் பொறுப்பில்லை என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். அது முழு உண்மையன்று. கடைவீதிக் குப்பைக்கு யாரும் கணக்கு வைப்பதில்லை என்பதே காரணம் என்று நான் கருதுகிறேன். எந்த நேரத்தில் சேர்கிறது, யார் எடுக்கிறார், எங்கே போகிறது, யார் செலவு செய்கிறார் என்ற நான்கு கேள்விகளுக்கும் பதில் இருந்தால் வீதி சுத்தமாக இருக்கும். ஒன்றுக்குப் பதில் இல்லாவிட்டாலும் எத்தனை பேரணி நடத்தியும் பயன் இருக்காது.

காலைத் துப்புரவும் பத்து மணிக் குப்பையும்

முதலில் நேரத்தைப் பார்ப்போம். பெரும்பாலான ஊர்களில் தூய்மைப் பணியாளர்கள் விடிகாலையில் வந்து வீதியைப் பெருக்கி, ஏழு, எட்டு மணிக்குள் வண்டியில் ஏற்றிப் போய்விடுகிறார்கள். குடியிருப்புத் தெருவுக்கு அந்த நேரம் பொருத்தமானது. கடைவீதிக்கு அது பொருந்தாது. நம் கடைகள் ஒன்பது, பத்து மணிக்குத் திறக்கின்றன. திறந்ததும் பையன் கடையைக் கூட்டித் தள்ளி, அந்தத் தூசியையும் காகிதத்தையும் வாசலில் விடுகிறான். பெருக்கிப் போனவர் மறுநாள்தான் வருவார். பகலெல்லாம் சிப்பம் பிரித்த சணல், அட்டை, தெர்மாகோல், தேநீர்க் குவளை என்று சேர்கின்றன. இரவு கடை சாத்தும்போது இன்னொரு கூட்டல். ஆகவே பெருக்கிய வீதி இரண்டு மணி நேரம் சுத்தமாகவும் இருபத்திரண்டு மணி நேரம் குப்பையாகவும் இருக்கிறது. பணியாளரும் உழைக்கிறார், நாமும் வரி கட்டுகிறோம், ஆனால் நேரம் பொருந்தவில்லை.

கடைவீதிக் குப்பை வீட்டுக் குப்பையைப் போன்றதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். வீட்டுக் குப்பையில் பெரும்பகுதி சமையல் கழிவு. நம்முடையதில் பாதிக்கு மேல் விலை போகும் பொருள். அட்டைப்பெட்டி, சாக்கு, பிளாஸ்டிக் பட்டை, தகர டின் எல்லாம் பழைய பேப்பர் கடையில் எடை போட்டு வாங்கக்கூடியவை. ஈரக் குப்பையோடு கலக்காத வரைதான் அவற்றுக்கு விலை. அழுகிய தக்காளியோடு சேர்ந்த அட்டைக்கு யாரும் பணம் தரமாட்டார்கள். மண்டியில் நல்ல மிளகாயோடு பூஞ்சணம் பிடித்த மிளகாயைக் கலந்து வைப்போமா? அதே நியாயம்தான் இங்கும்.

சூரத் நகரம் கற்ற பாடம்

குஜராத் மாநிலத்துச் சூரத் நகரை நம்மில் அறியாதவர் இல்லை. சேலைக் கொள்முதலுக்குப் போய் வந்தவர்கள் நம் சங்கத்திலேயே பலர் இருப்பார்கள். ஜவுளியும் வைரம் பட்டை தீட்டுதலும் செழித்த நகரம். 1994-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் அங்கே பிளேக் நோய் பரவியது. அதற்கு முன்பு பெருமழை பெய்து, அடைபட்ட வடிகால்களால் தாழ்வான பகுதிகளில் வெள்ளம் தேங்கி, குப்பையும் செத்த கால்நடைகளும் அழுகிக் கிடந்தன. நோய்ச் செய்தி கேட்டதும் சில நாட்களில் லட்சக்கணக்கானோர் ஊரைவிட்டு ஓடினார்கள். தறிகள் நின்றன, கடைகள் மூடின. சில வெளிநாடுகள் இந்தியாவுக்கு வரும் விமானங்களையும் இங்கிருந்து போகும் உணவுப் பொருள்களையும் சில காலம் நிறுத்திவிட்டன. ஒரு நகரத்தின் குப்பை, ஒரு நாட்டின் ஏற்றுமதியைத் தடுத்து நிறுத்தியது.

பிளேக் நோய்க்கும் எலிக்கும் உள்ள தொடர்பு பள்ளிக்கூடத்திலேயே படித்தது. எலியின் மேல் வாழும் தெள்ளுப்பூச்சி அந்த நோயைப் பரப்புகிறது. தானிய வியாபாரிகளாகிய நமக்கு எலியைப் பற்றி யாரும் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. வீதியில் தீனி கிடந்தால் எலி வரும். வந்த எலி வீதியோடு நிற்காது, கிடங்குக்குள் நுழையும். மூட்டையைக் கடித்துத் தின்னும் தானியத்தைவிட, சிறுநீரால் கெடுக்கும் தானியம் அதிகம். எலிக் காய்ச்சல் வருவதும் அந்தச் சிறுநீரால்தான்.

1995-ஆம் ஆண்டு மே மாதம் எஸ்.ஆர்.ராவ் என்ற அதிகாரி சூரத் மாநகராட்சி ஆணையராகப் பொறுப்பேற்றார். அவர் செய்தவற்றில் மந்திரம் எதுவும் இல்லை. நகரத்தை மண்டலங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஓர் அதிகாரியைப் பொறுப்பாக்கி, முடிவெடுக்கும் அதிகாரத்தையும் கொடுத்தார். அதிகாரிகள் காலையில் அலுவலகத்தில் உட்காராமல் வீதியில் இருக்க வேண்டும் என்றார். அன்றன்று பார்த்ததை அன்றன்றே கூடிப் பேசித் தீர்த்தார்கள். குப்பை போட்டவர்களுக்கும் சுகாதாரமில்லாத உணவுக் கடைகளுக்கும் அபராதம் விழுந்தது. ஆக்கிரமிப்புகளை அகற்றும்போது பெரிய மனிதர் என்று பார்க்கவில்லை. கூட்டம் மிகுந்த கடைவீதிகளையும் முக்கியச் சாலைகளையும் இரவில் பெருக்க ஏற்பாடு செய்தார்கள். நான் மேலே சொன்ன நேரக் கணக்கு அங்கே சரிசெய்யப்பட்டது. கடை சாத்திய பிறகு பெருக்கினால், காலையில் திறக்கும்போது வீதி சுத்தமாக இருக்கும்.

1996-ஆம் ஆண்டில் இந்தியாவின் இரண்டாவது தூய்மையான நகரம் என்று சூரத் பாராட்டப்பட்டது. அந்த அதிகாரி பின்னர் மாற்றலாகிப் போனார். ஏற்பாடு போகவில்லை. மத்திய அரசின் 2023-ஆம் ஆண்டுத் தூய்மை மதிப்பீட்டில் இந்தூர் நகரத்தோடு சேர்ந்து சூரத் முதலிடம் பெற்றது. ஒரு மனிதரின் உற்சாகமாக மட்டும் இருந்திருந்தால் இத்தனை ஆண்டுகள் நின்றிருக்காது. வேலை முறையாக ஆகிவிட்டதால் நின்றது.

சென்னைத் தெருக்களில் ஒரு தள்ளுவண்டி

சூரத் மேலிருந்து நடந்த மாற்றம். கீழிருந்து, தெருக்காரர்களே செய்த மாற்றத்துக்கு நம் சென்னையே சாட்சி. 1989-ஆம் ஆண்டு எம்.பி.நிர்மல் என்ற வங்கி அதிகாரி எக்ஸ்னோரா என்ற அமைப்பைத் தொடங்கினார். அன்று சென்னைத் தெரு முனைகளில் இருந்த குப்பைத்தொட்டிகள் நிறைந்து வழிந்து, தொட்டிக்குள் இருப்பதைவிட வெளியே கிடப்பது அதிகமாக இருந்தது. நூறு வீடுகள் வரை உள்ள ஒரு தெரு, தனக்கென்று ஒரு மன்றம் அமைத்துக்கொண்டது. ஒரு மூன்று சக்கர வண்டி வாங்கியது. முன்பு குப்பை பொறுக்கிப் பிழைத்தவர்களில் ஒருவரை அழைத்து, தெருவை அழகுபடுத்துபவர் என்று மதிப்பான பெயர் கொடுத்து வேலைக்கு வைத்தது. அவர் வீடு வீடாகக் குப்பையை வாங்கி, மாநகராட்சி எடுத்துச் செல்லும் இடத்தில் சேர்த்தார். வீட்டுக்குப் பத்து, இருபது ரூபாய் மாதச் சந்தா. 1990-களில் இந்த முறை சென்னையில் மிகப் பல தெருக்களுக்கும் பிற ஊர்களுக்கும் பரவியது.

இதில் நாம் எடுத்துக்கொள்ள வேண்டியவை இரண்டு. ஒன்று, நல்லது ஏன் நடந்தது என்பது. தெருவுக்குத் தெரிந்த ஒரு மனிதர், தெரிந்த நேரத்தில் வந்தார். அவருக்குச் சம்பளம் கொடுத்தது தெரு. அதனால் அவர் வராவிட்டால் கேட்க ஆள் இருந்தது. அவருக்குச் சம்பளம் வராவிட்டால் அவரும் கேட்கலாம்.

இரண்டாவது, பல தெருக்களில் அது ஏன் நின்றது என்பது. 2000-ஆம் ஆண்டில் சென்னையின் சில மண்டலங்களில் துப்புரவுப் பணி தனியார் நிறுவனத்திடம் ஒப்படைக்கப்பட்டது. மாநகராட்சியே வாசலுக்கு வருவது பரவியபோது, இனி நாம் ஏன் சந்தா தரவேண்டும் என்று கேட்பது இயல்பு. சந்தா நின்ற தெருவில் வண்டி நின்றது, மன்றமும் கலைந்தது. பின்னர் அந்தத் தெருவில் குப்பை எடுக்காத நாளில் முறையிடப் போக ஒரு மன்றம்கூட இல்லை. இன்னொரு குறையும் இருந்தது. வீட்டில் தரம் பிரித்துக் கொடுத்த குப்பை, தெரு முனைத் தொட்டியிலும் லாரியிலும் மறுபடி ஒன்றாகக் கலந்து, கடைசியில் கொடுங்கையூருக்கோ பெருங்குடிக்கோ போயிற்று. பிரித்தவருக்கு மனம் விட்டுப்போகாதா? பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்தை ஒட்டிய பெருங்குடிக் கிடங்கு 2022-ஆம் ஆண்டு ஏப்ரலில் தீப்பிடித்துப் பல நாள் புகைந்தது. போகுமிடத்தைக் கவனிக்காத துப்புரவு, நம் வாசல் குப்பையை அடுத்தவர் வாசலில் கொட்டுவதற்குச் சமம்.

மகமை முறையில் ஒரு கணக்கு

இனி நாம் செய்யக்கூடியதற்கு வருவோம். வணிகர்களுக்குப் பொதுக் காரியத்துக்குப் பணம் சேர்க்கும் வித்தையை யாரும் கற்றுத்தர வேண்டாம். நம் முன்னோர் மூட்டைக்கு இவ்வளவு, வண்டிக்கு இவ்வளவு என்று மகமை எடுத்து வைத்தார்கள். தென்மாவட்டங்களில் விருதுநகர், சிவகாசி போன்ற ஊர்களில் கோயில்களும் பள்ளிக்கூடங்களும் அந்தச் சில்லறைக் காசில் எழுந்தவை. பிள்ளைகள் படிக்க மகமை எடுத்தவர்கள், வீதி சுத்தமாக இருக்க ஒரு மகமை எடுக்க முடியாதா?

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். எடுத்துக்காட்டுக்கு 120 கடைகள் உள்ள ஒரு வீதி என்று வைத்துக்கொள்வோம். அதில் 60 சிறு கடைகள், நாளுக்கு 5 ரூபாய் வீதம் 300 ரூபாய். 40 நடுத்தரக் கடைகள், 10 ரூபாய் வீதம் 400 ரூபாய். 20 மொத்தக் கடைகள், 25 ரூபாய் வீதம் 500 ரூபாய். ஆக நாளுக்கு 1,200 ரூபாய். மாதம் 26 நாள் கடை திறந்தால் 31,200 ரூபாய். காலை பத்து மணிக்கு ஒரு முறையும் இரவு கடை சாத்தும் நேரத்தில் ஒரு முறையுமாக, நாளுக்கு நான்கு மணி நேர வேலைக்கு இரண்டு பேர். ஆளுக்கு 13,000 ரூபாய் என்றால் 26,000 ரூபாய். மீதி 5,200 ரூபாயில் துடைப்பம், கையுறை, கூடை, வண்டிப் பழுது எல்லாம் பார்த்துக்கொள்ளலாம். ஊருக்கு ஊர், கடைக்குக் கடை தொகை மாறும். ஆனால் ஒரு தேநீர் விலைக்குள்தான் சிறு கடைக்காரர்களின் பங்கு நிற்கும். சரக்கு அதிகம் இறக்குபவர் அதிகம் கொடுக்க வேண்டும் என்பதும் மகமையின் பழைய நியாயமே.

இரண்டு விதிகளை மட்டும் மாற்றக் கூடாது. வசூலை ஒருவரே வைத்துக்கொள்ளாமல் வங்கிக் கணக்கில் போட வேண்டும். மாதா மாதம் வரவு செலவைச் சங்கப் பலகையில் எழுதி ஒட்ட வேண்டும். பணம் எங்கே போகிறது என்று தெரியாத வசூல் மூன்று மாதத்துக்கு மேல் நடக்காது. இதை வியாபாரிகளுக்கு விளக்க வேண்டியதில்லை.

துடைப்பம் பிடிக்கும் கை

வேலைக்கு வருபவரைப் பற்றிச் சில வார்த்தைகள். அவர் நம் வீட்டு வேலையாள் அல்லர், சங்கத்தின் ஊழியர். அரசு அறிவித்திருக்கும் குறைந்தபட்ச ஊதியத்துக்குக் கீழே போகாமல், மாதம் பிறந்ததும் சம்பளம் கொடுக்க வேண்டும். கடை கடையாகப் போய்க் கைநீட்டி வாங்கும்படி விடக் கூடாது. அட்டை, சாக்கு விற்ற பணம் முழுவதும் அவர்களுக்கே என்று எழுதி வைத்துவிட்டால், தரம் பிரிக்கும் வேலை தானாக நடக்கும். உடைந்த கண்ணாடி, பிளேடு, ஊசி ஆகியவற்றைக் காகிதத்தில் சுற்றித் தனியாகக் கொடுப்பது ஒவ்வொரு கடைக்காரரின் கடமை. கை கிழிந்தால் அந்த வீட்டில் மறுநாள் அடுப்பு எரியாது. மத்திய அரசின் விபத்துக் காப்பீட்டுத் திட்டம் ஒன்றில் 2022-ஆம் ஆண்டு முதல் ஆண்டுப் பிரீமியம் 20 ரூபாய், காப்பீடு 2 லட்சம். வங்கிக் கணக்கு இருந்தால் போதும். இதைக்கூட நாம் செய்துகொடுக்காமல் இருக்கலாமா?

இன்னொன்றைக் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டால், நூறு, இருநூறு ரூபாய் கொடுத்து யாரையாவது குழிக்குள் இறங்கச் சொல்லும் வழக்கம் சில இடங்களில் இன்னும் இருக்கிறது. பாதுகாப்பின்றிக் கழிவுநீர்க் குழியில் ஆளை இறக்குவதை 2013-ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. இறக்கியவருக்குச் சிறைத் தண்டனை உண்டு. இறந்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் தரவேண்டும் என்று 2014-ல் சொன்ன உச்ச நீதிமன்றம், 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. சட்டத்துக்குப் பயந்து மட்டுமல்ல, மனசாட்சிக்குப் பயந்தும் இதை விட்டுவிட வேண்டும். குழாய் அடைத்தால் நகராட்சியின் இயந்திரத்தை வரவழைப்பதே வழி.

தரைக்கடைக்காரர்களை எதிரியாக்க வேண்டாம்

சங்கக் கூட்டங்களில் துப்புரவுப் பேச்சு எடுத்தாலே, தரைக்கடைகளும் தள்ளுவண்டிகளும்தான் காரணம், அவர்களை அப்புறப்படுத்தினால் எல்லாம் சரியாகிவிடும் என்று சிலர் சொல்வதுண்டு. காய்கறி, பழக் கழிவில் ஒரு பங்கு அவர்களுடையது என்பது உண்மை. ஆனால் சிப்பக் கழிவும் அட்டையும் நம்முடையவை. அவர்கள் இருப்பதால் நம் வீதிக்கு வரும் கூட்டமும் உண்டு. 2014-ஆம் ஆண்டுத் தெருவோர வியாபாரிகள் சட்டம் அவர்களுக்குப் பிழைப்புரிமை கொடுத்திருக்கிறது. தங்கள் இடத்தைச் சுத்தமாக வைத்துக்கொள்ளும் கடமையையும் கொடுத்திருக்கிறது. அந்தச் சட்டப்படி அமையும் நகர விற்பனைக் குழுவில் வணிகர் சங்கங்களுக்கும் இடம் உண்டு. சண்டை போடுவதைவிட, அந்தக் குழுவில் உட்கார்ந்து பேசுவது மேல். இரவு வண்டி வரும்போது அவர்களும் தங்கள் கூடையைக் கொண்டுவந்து கொட்டட்டும். நாளுக்கு இரண்டு ரூபாய் அவர்களும் கொடுக்கட்டும். பங்கு கொடுத்தவர் வீதியைத் தம்முடையதாக நினைப்பார்.

வரி கட்டுகிறோமே?

வீட்டு வரி கட்டுகிறோம், தொழில் வரி கட்டுகிறோம், சில ஊர்களில் குப்பைக் கட்டணமும் கட்டுகிறோம், இதற்கு மேல் மகமையுமா என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி. நகராட்சியின் கடமையை நாம் தலையில் தூக்கிப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வடிகாலைத் தூர்வாருவது, குப்பையை ஊருக்கு வெளியே கொண்டுபோய் முறைப்படி உரமாக்குவது, விளக்குப் போடுவது, கழிப்பிடம் கட்டுவது எல்லாம் அவர்கள் வேலை. குறிப்பாகக் கழிப்பிடம். சுவரில் எல்லா மதத்துச் சாமி படங்களையும் ஒட்டி வைத்து, யாரும் சிறுநீர் கழிக்காமல் தடுக்கப் பார்க்கிறோம். நம் கடைகளில் பத்து மணி நேரம் நின்று வேலை செய்யும் பெண்கள் போவதற்கு இடமில்லை என்பதை எத்தனை முதலாளிகள் எண்ணிப் பார்த்திருக்கிறோம்? பராமரிக்கப்படும் ஒரு கழிப்பிடம் நூறு படங்களைவிட அதிகம் பயன் தரும். அதைக் கேட்டு வாங்க வேண்டும்.

2016-ஆம் ஆண்டு மத்திய அரசு வெளியிட்ட திடக்கழிவு மேலாண்மை விதிகள், அங்காடிச் சங்கங்களுக்கும் ஒரு கடமையை வகுத்தன. உள்ளாட்சியோடு சேர்ந்து, கழிவு உண்டாகும் இடத்திலேயே தரம் பிரிக்கச் செய்ய வேண்டும் என்றன. தெருவிலும் வடிகாலிலும் கொட்டுவதும் எரிப்பதும் கூடாது என்றன. கடைவாசலில் பிளாஸ்டிக்கைக் கொளுத்திவிட்டுப் போகும் வழக்கத்தைப் பார்த்திருக்கிறோம். சாக்கும் சணலும் அடுக்கிய வீதியில் அது எவ்வளவு பெரிய ஆபத்து என்பதைத் தீயணைப்பு நிலையத்தார் சொல்லித்தான் தெரிய வேண்டுமா?

நாம் நம் பங்கைச் செய்து கணக்கும் வைத்திருந்தால், நகராட்சியிடம் பேசும் முறையே மாறிவிடும். வீதி நாறுகிறது என்று பொதுவாக எழுதும் மனு, ஆயிரம் மனுக்களில் ஒன்றாகப் போகும். இன்ன தேதிகளில் இத்தனை முறை எங்கள் ஆட்கள் குப்பையைச் சேர்த்து வைத்தார்கள், இன்ன தேதிகளில் லாரி வரவில்லை என்று பதிவேட்டோடு போய் நின்றால், சுகாதார ஆய்வாளர் பதில் சொல்லித்தான் ஆகவேண்டும். பேரேடு இல்லாமல் பாக்கி கேட்டு யாராவது வசூலித்திருக்கிறோமா?

கடைக்காரர் அளவில் செய்ய வேண்டியவை

சங்கம் செய்வது ஒருபுறம் இருக்க, ஒவ்வொரு கடைக்காரரும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு.

1. கடைக்குள் இரண்டு கூடைகள். ஒன்று ஈரக் குப்பைக்கு, ஒன்று காய்ந்ததற்கு. அட்டையை மடித்துக் கட்டித் தனியாக வையுங்கள்.

2. கடையைக் கூட்டிய குப்பையை வாசலுக்குத் தள்ளாமல் முறத்தில் அள்ளச் சொல்லுங்கள். பையனைப் பழக்க ஒரு வாரம் ஆகும்.

3. வாசலுக்கு முன்னுள்ள வடிகால் மூடியின் மேல் சரக்கு அடுக்காதீர்கள். மூடியைத் திறக்க முடியாத வடிகாலைத் தூர்வாரவும் முடியாது.

4. தேநீர்க் குவளை, தேங்காய்த் தொட்டி, பழைய டயர் ஆகியவற்றில் மழைநீர் தேங்க விடாதீர்கள். டெங்கு பரப்பும் கொசு, தேங்கிய நல்ல தண்ணீரில்தான் முட்டையிடும். முட்டை கொசுவாக ஏறக்குறைய ஒரு வாரம், பத்து நாள் போதும். வாரம் ஒரு முறை கவிழ்த்துவிட்டால் வேலை முடிந்தது.

5. ஆயுத பூஜைக்கும் அமாவாசைக்கும் திருஷ்டிப் பூசணிக்காய் உடைப்பது நம் வழக்கம். உடைத்ததை ஓரமாக அள்ளிவிடுவதையும் வழக்கமாக்குங்கள். நம் திருஷ்டி கழிய, வண்டியில் வருபவர் வழுக்கி விழக் கூடாது.

6. தமிழ்நாட்டில் ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் பிளாஸ்டிக் பொருள்கள் 2019-ஆம் ஆண்டு ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்டுள்ளன. 2021 டிசம்பரில் மஞ்சப்பைத் திட்டமும் தொடங்கப்பட்டது. பையைத் தடுக்கும் இடம் சில்லறைக் கடையன்று, நம் போன்ற மொத்தக் கடை. மேலே சரக்கு நின்றால் கீழே தானாக நிற்கும். துணிப்பை கொண்டுவரும் வாடிக்கையாளருக்கு ஒரு புன்சிரிப்பும் நல்ல வார்த்தையும் கொடுங்கள். அடுத்த முறையும் கொண்டுவருவார்.

பெரியோர்களே, ஊர் கூடித்தான் தேர் இழுக்க முடியும். ஆனால் தேர் நகர, வடத்தை முதலில் நாலு பேர் கையில் எடுக்க வேண்டும். எல்லாக் கடைகளும் சம்மதித்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருந்தால் தொடங்கவே மாட்டோம். ஒரு வீதியில், அடுத்தடுத்து இருக்கும் முப்பது கடைகள் சேர்ந்தால் போதும். ஒரு தள்ளுவண்டி, ஓர் ஆள், ஒரு நோட்டுப் புத்தகம். மூன்று மாதம் விடாமல் நடத்திப் பாருங்கள். முப்பது கடை வாசலும் சுத்தமாக இருப்பதைப் பார்க்கும் முப்பத்தோராம் கடைக்காரர், தாமே வந்து எவ்வளவு என்று கேட்பார்.

அடுத்த பொதுக்குழுவில் இதை ஒரு தீர்மானப் பொருளாகச் சேர்க்கும்படி நிர்வாகிகளை அன்போடு கேட்டுக்கொள்கிறேன். தீபாவளிச் சரக்கு இறங்கி வீதி நெரிசலாவதற்கு முன்பே வசூலும் வண்டியும் ஏற்பாடாகிவிட்டால், இந்த ஆண்டுப் பண்டிகைக் கூட்டம் காலில் சேறு படாமல் நம் கடைக்கு வரும்.